லயத்துக் கூரையும் காப்புறுதிப் பத்திரமும்

மலையகத்துக் குடும்பங்கள் பலவற்றில் பத்திரங்களை இட்டு வைப்பதற்கென்று ஒரு பழைய பிஸ்கட் தகரம் உண்டு. பிறப்புச் சான்றிதழ்கள், பிரசாவுரிமைச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடிதங்கள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், அடகுச் சீட்டு ஆகிய யாவும் அதனுள் அடங்கும். நெருப்பென்றாலும் மண்சரிவென்றாலும் குழந்தைகளுக்கு அடுத்ததாகக் கையில் எடுக்கப்படுவது அந்தத் தகரமே. பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையோரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவரின் தகரத்தில் இவற்றோடு வேறிரண்டு பத்திரங்களும் இருந்தன. ஒன்று காணி உறுதி. மற்றையது வீட்டுக் காப்புறுதிப் பத்திரம். அவருடைய பரம்பரையில் இவ்விரண்டையும் ஒருங்கே பெற்றிருந்த முதல் மனிதர் அவரே.

அவர் பிறந்தது பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு லயக் காம்பராவில். பாட்டனார், தந்தையார், அவர், அவருடைய உடன்பிறந்தோர் என மூன்று தலைமுறையினர் அதே சுவர்களுக்கிடையில் உண்டு உறங்கி வளர்ந்தனர். ஆசிரிய நியமனம் பெற்ற பின்னர் அவர் தோட்டத்தை விட்டு வெளியேறினார். 2012 இல் வங்கிக் கடன் பெற்று, மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த ஒரு துண்டுக் காணியில் வீட்டைக் கட்டினார். அவருடைய அக்கா மட்டும் அந்தக் காம்பராவிலேயே தங்கிவிட்டார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற பின்னரும் அவருடைய வாழ்வு அங்குதான். கடன் தந்த வங்கி, வீட்டைக் காப்புறுதி செய்தாக வேண்டுமென்று நிபந்தனை விதித்தது. காட்டிய இடங்களில் எல்லாம் அதிபர் கையொப்பமிட்டார். கட்டுப்பணம் ஆண்டுதோறும் அவருடைய கணக்கிலிருந்து கழிக்கப்பட்டு வந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக அவர் அப்பத்திரத்தை வாசிக்கவில்லை. கணிதம் கற்பித்தவர், எண்களுக்கு அஞ்சுபவரல்லர், ஆங்கிலமும் அறிந்தவர். எனினும் வாசிக்கவில்லை. தம் வீடு காப்புறுதி செய்யப்பட்ட வீடு என்ற எண்ணமே அவருக்குப் போதியதாயிருந்தது. நம்மவருட் பெரும்பாலோர் காப்புறுதியை ஓர் ஒப்பந்தமாகக் கொள்வதில்லை. தாயத்தைப் போலக் கொள்கின்றனர். தாயத்தைப் பிரித்து உள்ளே என்ன எழுதியிருக்கின்றதென்று யார் பார்க்கின்றார்?

2025 நவம்பர் மாத இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழை ஊவாவின் மலைகளை ஊறவைத்து இடித்தது. அம்மழையின் இரண்டாம் இரவில் அதிபருடைய வீட்டின் பின்புறத்து மண்மேடு சரிந்தது. கருங்கல்லாற் கட்டிய அணைச்சுவரையும், சமையலறையையும், அதனை அடுத்திருந்த களஞ்சிய அறையையும் அது கொண்டு சென்றது. உயிர்ச்சேதம் இல்லை. குளிர்சாதனப்பெட்டி, எரிவாயு அடுப்பு, அரிசிப் பெட்டி, மகளின் திருமணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பாத்திரங்கள் ஆகியன மண்ணுக்குள் போயின. தகரம் தப்பியது. அதனால் பத்திரமும் தப்பியது. முதன்முறையாக அது வாசிக்கப்பட்டது.

சில வாரங்களில் இழப்பு மதிப்பீட்டாளர் வந்தார். பண்பான மனிதர், சேற்றில் இறங்கி அளந்து, படம் எடுத்து, தேநீர் அருந்திய பின்னரே பேசத் தொடங்கினார். முதலில் நல்ல செய்தியைக் கூறினார். வீட்டுக் காப்புறுதியின் அடிப்படை தீயும் மின்னலுமே. புயல், வெள்ளம், நிலநடுக்கம் முதலியன அதன்மேற் சேர்க்கப்படும் விரிவுகள்; மண்சரிவு எல்லாப் பத்திரங்களிலும் இருப்பதில்லை. இவருடைய பத்திரத்தில் வங்கியின் வற்புறுத்தலால் அதுவும் சேர்க்கப்பட்டிருந்தது. ஆகவே இழப்புக் கோரிக்கை செல்லும். அதன் பின்னர் அவர் கூறியவை ஒவ்வொன்றும் அதிபரின் மேசையில் ஒவ்வொரு கல்லாக வந்து விழுந்தன.

சமையலறையிலும் களஞ்சிய அறையிலும் இருந்த பொருள்களுக்கு ஒரு சதமும் இல்லை. ஏனெனில் காப்புறுதி செய்யப்பட்டது கட்டடம் மாத்திரமே. வீடும் வீட்டிலுள்ள பொருள்களும் காப்புறுதியின் கண்ணில் இரு வேறு உடைமைகள். ஒன்றுக்குக் கட்டிய பணம் மற்றொன்றைக் காவாது. வங்கிக்கு ஈடாக இருப்பது கட்டடம், குளிர்சாதனப்பெட்டி அன்று. எனவே பொருள்களைப் பற்றி வங்கி கேட்கவில்லை. வங்கி கேட்காததை அதிபரும் கேட்கவில்லை. அணைச்சுவருக்கும் பணமில்லை. மதில், வாயிற்கதவு, அணைச்சுவர் முதலியவற்றைத் தனியே குறிப்பிட்டுப் பெறுமதி எழுதியிருக்க வேண்டும். மலைநாட்டில் வீட்டைத் தாங்கி நிற்பதே அணைச்சுவர் என்பது சமதரையில் இருந்து படிவம் எழுதியவருக்குத் தோன்றாமற் போயிருக்கலாம். சரிந்து போன நிலத்துக்கும் பணமில்லை. எப்பத்திரமும் பொதுவாக நிலத்தைக் காப்பதில்லை. தீயில் எரிந்த வீட்டின் நிலம் எரிவதில்லை என்ற எண்ணத்தில் வளர்ந்த வழக்கம் அது. மண்சரிவிலோ வீட்டுக்கு முன்னரே நிலம் போய்விடுகிறது.

எஞ்சியது கட்டடத்தின் சேதம். அதனை மதிப்பீட்டாளர் பன்னிரண்டு இலட்சம் ரூபாவென மதித்தார். அதிபர் மூச்சு விட்டார். ஆனால் கிடைக்கக்கூடியது மூன்று இலட்சமே என்றார் வந்தவர். இவ்விடத்திற்றான் கணித ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 2012 இல் வீடு கடன் தொகையாகிய பதினைந்து இலட்சத்துக்குக் காப்புறுதி செய்யப்பட்டது. அத்தொகை பின்னர் ஒருமுறையேனும் உயர்த்தப்படவில்லை. இன்றைய சீமெந்து விலையிலும் கூலியிலும் அதே வீட்டை மீளக் கட்டுவதற்கு அறுபது இலட்சம் வேண்டும். அறுபதில் பதினைந்து நாலில் ஒரு பங்கு. நாலில் ஒரு பங்குக்கு மட்டுமே காப்புறுதி செய்தவர், எஞ்சிய முக்காற் பங்குக்குத் தாமே காப்புறுதியாளராக நின்றார் என்று கொள்வது இத்துறையின் நெடுநாள் விதி. சராசரி நிபந்தனை என்பது அதன் பெயர். ஆகவே பன்னிரண்டில் நாலில் ஒன்று, மூன்று. அதிலும் ஒவ்வோர் இழப்பிலும் உரிமையாளரே முதலில் தாங்க வேண்டிய ஒரு சிறு தொகை கழியும். எஞ்சியதன் மேல் முதல் உரிமை வங்கிக்கு. கடனில் இன்னும் இரண்டு ஆண்டுத் தவணை இருந்தது.

கணக்கில் பிழையில்லை என்பதை அதிபர் ஒப்புக்கொண்டார். தாம் வகுப்பறையில் எத்தனையோ ஆண்டுகள் கற்பித்த விகிதசமக் கணக்கு அது. பிழையில்லாத கணக்கொன்று ஒரு மனிதனை இவ்வளவு வருத்தும் என்பது அவருக்குப் புதிது.

இவ்விடத்தில் காப்புறுதியின் இயல்பைச் சிறிது நோக்குதல் தகும். 1666 இல் இலண்டன் மாநகரை அழித்த பெருந்தீயின் பின்னர் அந்நகரில் வளர்ந்த தீக்காப்புறுதியே இன்றைய வீட்டுக் காப்புறுதியின் மூதாதை. பலர் சிறிது சிறிதாகச் சேர்த்த பணத்திலிருந்து இழந்த சிலருக்கு இழந்த அளவே கொடுப்பது அதன் உட்பொருள். இழப்பினால் ஒருவர் இலாபமடையலாகாது; தமக்கு உரிமையோ நலனோ இல்லாத பொருளை ஒருவர் காப்புறுதி செய்யலாகாது. இவ்விரண்டும் இல்லாவிடின் காப்புறுதி சூதாட்டமாகிவிடும். அயலவன் வீடு எரிய வேண்டுமென்று ஒருவன் வேண்டுதல் செய்வான். ஆகவே காப்புறுதியாளர் கேட்கும் முதற் கேள்வி, என்ன இழந்தீர் என்பதன்று. அது உம்முடையதா என்பதே.

எந்தக் காரணத்தால் இழந்தீர் என்பது இரண்டாவது கேள்வி. அதன் பாரத்தைப் பதுளைக் கடைவீதியின் மூத்த தலைமுறை நன்கறியும். 1983 யூலையில் அந்நகரில் தமிழருடைய கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. நெருப்பு நெருப்புத்தான், ஆனால் மின்னொழுக்கால் எரிந்த கடையும் கலவரத்தால் எரிந்த கடையும் பத்திரத்தில் ஒன்றல்ல. சாதாரண தீக்காப்புறுதி கலவரத்தை விலக்கி வைப்பது. வேண்டுவோர் மேலதிகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1983 இன் பின்னர் வெளிநாட்டு மீள்காப்புறுதியாளர் இலங்கையின் கலவர இடரை ஏற்கத் தயங்கினர். 1987 இல் வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றுக்கென அரசே ஒரு நிதியத்தை அமைத்தது. பயங்கரவாதமும் பின்னர் அதனுட் சேர்ந்தது. இப்பொழுது அது 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் கீழ் நடைபெறுகின்றது. பத்திரத்தில் ‘நீங்கலாக’ என்று தொடங்கும் பகுதியை முதலில் வாசிக்கும் கடைக்காரர் எவரேனும் பதுளையில் இருந்தால், அவர் பெரும்பாலும் அக்காலத்தைக் கண்டவராகவோ கண்டவரின் மகனாகவோ இருப்பார்.

அதிபருடைய அக்கா இவற்றையெல்லாம் வாசற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மதிப்பீட்டாளர் சென்ற பின்னர் தம்பியின் இழப்பைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. மூன்று இலட்சம் என்பது அவருடைய செவியில் சிறிய தொகையாக விழுந்திருக்காது. அவர் கேட்டது வேறு.

“எங்க காம்பராவுக்கும் இப்பிடி ஒரு பத்திரம் எழுத ஏலாதா தம்பி?”

அதிபரிடம் உடனடியாக விடை இல்லை. சிறிது நேரம் கழித்து, “லயம் கம்பெனிக்குச் சொந்தம் அக்கா” என்றார்.

அவ்விடை சரியானது, ஆனால் பாதி விடை. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் நடைபெற்ற காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாயின. 1992 இலிருந்து அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர், பெயர்ப்பலகைகள் மாறின. காம்பராவில் வசிப்பவருக்கும் காம்பராவுக்கும் இடையில் உறுதி எழுதப்படாத நிலை மாறவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு கூரையின் கீழ் வாழ்ந்து, தம் செலவிலே சீமெந்துத் தரை போட்டு, தகரம் மாற்றி, முன்னால் ஓர் அறையும் இறக்கியவர் சட்டத்தின் பார்வையில் அக்கூரையின் உரிமையாளர் அல்லர். தேயிலைத் தொழிற்சாலையையும் இயந்திரத்தையும் தேயிலையையும் காப்புறுதி செய்வது தோட்டத் துறையில் வழக்கம். லயத்துக்கும் தோட்ட நிர்வாகம் காப்புறுதி செய்திருந்தாலும், லயம் எரிந்தால் பணம் உரிமையாளரிடம் செல்லுமேயன்றிக் குடியிருப்பவரிடம் வராது. அந்த அளவில் அதிபர் சொன்னது சரி.

மற்றப் பாதி அவருக்கு இரவிலேதான் நினைவுக்கு வந்தது. பகலில் மதிப்பீட்டாளர் கூறிய அதே வேறுபாடு அது: கட்டடம் வேறு, பொருள் வேறு. கூரை அக்காவுடையதன்று, ஆனால் கூரையின் கீழுள்ள அலுமாரி அவருடையது. தொலைக்காட்சிப் பெட்டி, தையல் இயந்திரம், கட்டில், பித்தளைக் குடம், குத்துவிளக்கு யாவும் அவர் கொழுந்து பறித்த காசிலும் சீட்டுக் காசிலும் வாங்கியவை. வாடகை வீட்டில் வசிப்பவர் தம் பொருள்களை மட்டும் காப்புறுதி செய்வது உலகெங்கும் உள்ள வழக்கம். சட்டம் இவ்விடத்தில் அக்காவைத் தடுக்கவில்லை. எனின், தோட்டத்து லயங்களில் பொருட் காப்புறுதிப் பத்திரம் ஒன்றை ஏன் காண்பது அரிதாயிருக்கின்றது?

காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு லயத்தில் பத்துக் காம்பராக்கள் ஒரே கூரையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு காம்பராவில் விறகடுப்பிலோ மின்கம்பியிலோ மூளும் தீ கூரை வழியே மற்றவற்றுக்கும் பாயும். மலையகத்தில் லயத் தீ என்றால் ஒரு குடும்பத்தின் தீயன்று. காப்புறுதியாளருக்கு அது விரும்பத்தக்க இடர் அன்று. கட்டுப்பணமோ முகவர் மலையேறி வரும் பேருந்துச் செலவுக்கும் காணாது. பற்றுச்சீட்டுகள் இல்லை, சீட்டுக் காசில் சந்தையில் வாங்கிய அலுமாரிக்கு யார் பற்றுச்சீட்டு வைத்திருப்பார்? இவை ஒருபுறமிருக்க, கேட்டால் கிடைக்கக்கூடிய ஒன்று இருக்கின்றதென்று தோட்டத்திற் சென்று எவரும் சொன்னதில்லை. வாழ்க்கைக் காப்புறுதி முகவர் மாத்திரம் லயம் வரை வந்து போவதுண்டு.

ஆயினும் லயம் காப்புறுதியை அறியாத இடமன்று. மரணம் நேர்ந்தால் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் உதவும் மரண உதவிச் சங்கத்துக்கு மாதச் சந்தா கட்டும் குடும்பங்கள் உண்டு. சீட்டு உண்டு. தங்கம் உண்டு, அதுவும் பெரும்பாலும் நகரத்து அடகுப் பெட்டகத்தில் இருக்கும். கொடிய வறுமையின் அடையாளமாகிய அடகுதான் மண்சரிவு வேளையில் தங்கத்தைக் காக்கும் வழியாகவும் அமைந்துவிடுகின்றது என்பதை என்னவென்று சொல்வது! பொருட் காப்புறுதி எடுத்தோருக்குங்கூட நகைக்கு வரம்புண்டு, காசுக்கு வரம்புண்டு, பத்திரங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் பெரும்பாலும் இடமேயில்லை. பரீட்சைப் பெறுபேற்றுத் தாளின் பெறுமதி ஒரு தாளின் பெறுமதியே. பிஸ்கட் தகரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் பழக்கத்தைக் குறைகூற எந்தக் காப்புறுதியாளருக்கும் உரிமையில்லை.

ஊவாவில் இவ்விடயத்தைப் பேசும் எவரும் மீரியபெத்தையைக் கடந்து செல்ல இயலாது. 2014 அக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தையில் அம்பிட்டிகந்தைத் தோட்டத்தின் மீரியபெத்தைப் பிரிவின் மேல் மலை சரிந்து வீழ்ந்தது. லயங்கள் வரிசையாக மண்ணுக்குள் அடங்கின. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் இருந்தனர். அவ்விடம் அபாயமானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடம் இல்லை. தப்பியோர் நீண்டகாலம் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலே தங்கியிருந்த பின்னர், 2016 இல் மக்கல்தெனியத் தோட்டத்தில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன.

அந்த ஆண்டிலேதான், வறட்சி நீங்கலான இயற்கை அனர்த்தங்களுக்கென நாடு முழுவதற்குமான ஒரு காப்புறுதித் திட்டத்தை மேற்குறித்த நிதியத்தின் மூலம் அரசு தொடங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் சிறு வியாபாரத்துக்கும் 25 இலட்சம் ரூபா வரை. கட்டுப்பணத்தை மக்கள் கட்ட வேண்டியிருக்கவில்லை. கோரிக்கை பிரதேச செயலகத்தின் ஊடாகச் சென்றது. தனியார் பத்திரம் ஏறாத மலைகளுக்கு ஏறிய முதற் காப்புறுதி இதுவெனலாம். இதன் அருமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் இத்திட்டமும் எல்லாக் காப்புறுதியையும் போல நேர்ந்த சேதத்தையே அளந்தது. நேரவிருக்கும் சேதத்தை அளப்பதற்கு அதனிடம் கோல் இருக்கவில்லை.

அக்காவின் நிலை அதுவே. அவருடைய லயம் இடியவில்லை. நவம்பர் மழையின் பின்னர் லயத்துக்கு மேலேயுள்ள தேயிலை மலையில் ஒரு நீண்ட வெடிப்புக் காணப்பட்டது. அதிகாரிகள் வந்து பார்த்தனர். அனைவரும் வெளியேற வேண்டுமென்றனர். சில வாரங்கள் பாடசாலை மண்டபத்தில் இருந்தபின் அக்கா தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். காம்பரா அப்படியே நிற்கின்றது: சுவரில் வெடிப்பில்லை, தகரம் பறக்கவில்லை. அங்கு உறங்க முடியாது என்பதைத் தவிர அதற்கு ஒரு குறையும் இல்லை. ஒரு வீட்டுக்கு அதைவிடப் பெரிய குறை வேறெதுவென்று கேட்டால் எந்தப் பத்திரத்திலும் விடை கிடையாது. வெயில் எறிக்கும் நாட்களில் அவர் பசுவுக்குப் புல் போடுவதற்கென்று மேலே சென்று, திரும்பும்போது ஒரு பொருளைக் கொண்டு வருவார். ஒருநாள் குடம், ஒருநாள் விளக்கு. ஆட்களைப் பிடித்து அலுமாரியும் வந்தது. தை மாத முடிவில் அதிபருடைய முன்னறையின் பாதி லயக் காம்பராவாகவே மாறியிருந்தது.

மாசியில் காப்புறுதியைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. இம்முறை அதிபர் பத்திரத்தை வரி வரியாக வாசித்திருந்தார். கட்டடத்தின் பெறுமதியை அறுபது இலட்சமாக உயர்த்தினார்; அணைச்சுவர் கட்டி முடிந்ததும் அதனையும் சேர்க்க வேண்டுமென்றார்; வீட்டிலுள்ள பொருள்களையும் இம்முறை காப்புறுதி செய்யக் கேட்டார். முகவராக வந்த இளைஞர் அறை அறையாகச் சென்று பட்டியலிட்டார். முன்னறையில் நின்று, “இந்த அலுமாரியும் மெசினும் யாருடையது சேர்?” என்று கேட்டார்.

“அக்காவுடையது.”

“அவங்க இங்கேயே நிரந்தரமா இருக்கிறவங்களா? குடும்பத்தோட ஒரே வீட்டில வழக்கமா வசிக்கிறவங்களோட சாமான்தான் இதுக்குள்ள வரும்.”

அதிபர் அக்காவைப் பார்த்தார். அக்கா யன்னல் வழியே மலையைப் பார்த்தார். “காணி காட்டுறோம்னு சொல்லியிருக்காங்க. ஏழு பேர்ச்சஸ். எங்கன்னு இன்னும் சொல்லலே” என்றார்.

இளைஞர் சிறிது யோசித்தார். பின்னர் பேனையைச் சட்டைப்பையிற் செருகிக்கொண்டு, அலுமாரியையும் தையல் இயந்திரத்தையும் பட்டியலின் அடியில் பென்சிலால் எழுதினார்.